ஐம்பத்திரண்டு நாள்

வேலாயிக்குக் கல்யாணமாகி அப்போது ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே, பஸ் போகிற ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் வருகிற தோட்டத்தின் மேற்பிரிவில் அவள் வீடு. வீடு என்றால், பத்துக் குடும்பங்கள் வரிசையாக இருந்த லயத்தில் கடைசிக் காம்பரா. அவளும் புருஷன் சோலைமலையும் மாமியார் அம்மாக்கண்ணுவும் அதில் இருந்தார்கள். சோலைமலைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடியில் வேலை. அம்மாக்கண்ணு வயதாகி வேலையிலிருந்து நின்றுவிட்டாள். அடுப்பும் விறகும் அவள் பொறுப்பு.

வேலாயி அதிகம் பேசமாட்டாள். கொழுந்து எடுப்பதில் கை வேகம். பிள்ளை இல்லை என்ற பேச்சு லயத்தில் இருந்தது. ஆனால் அதை அவள் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, கல்யாணமான இரண்டாம் வருடம், பத்து நாள் தள்ளிப் போனதும் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் அடுத்த காம்பராவில் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் ஆளுக்கொரு புளிப்பும் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் எல்லாம் பொய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் வரைக்கும் தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் பேச்சு அடங்கவில்லை. அதோடு தன் நாள் கணக்கை யாரிடமும் சொல்வதை வேலாயி விட்டுவிட்டாள். புருஷனிடம்கூடச் சொல்வதில்லை.

அறுபத்தொன்றாம் வருடம் ஆவணி நடுவில் தலைமுழுகியவள், புரட்டாசியில் முழுகவில்லை. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு மார்பு கனத்தது. கொழுந்துக் கூடையின் கயிறு தோளில் உரசினால்கூட அங்கே வலி தெறித்தது. வேலை முடிந்து வருகிற சோலைமலையின் சட்டையில் வாடிய கொழுந்தின் வாசம் இருக்கும். ஆறு வருடமாகப் பழகிய வாசம். அது திடீரென்று குமட்டத் தொடங்கியது. சட்டையை வாங்கி வெளியே கொடியில் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல் உள்ளே வருவாள். மனதுக்குள் மட்டும் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை அது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்போதே இடுப்பில் ஒரு பிடிப்பு. குளிர் என்று நினைத்தாள். மலையில் ஏறி இரண்டு நிரை எடுத்த பிறகு இடது காலில் ஈரம் வழிவது தெரிந்தது. மழைக்காலத்தில் அது புதிதல்ல. அட்டை கடித்தால் வலிக்காது, ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். குனிந்து சேலையை விலக்கி அட்டையைத் தேடினாள். கணுக்காலில் இல்லை. முழங்காலுக்குப் பின்னாலும் இல்லை. அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசியிருந்த கால் வெறுமையாக இருந்தது. ரத்தம் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

பக்கத்து நிரையில் நின்ற பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கங்காணியிடம் போய் வயிற்று வலி என்றாள். பகல் நிறுவைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், கொழுந்தை நிறுத்துவிட்டுப் போ என்று அவர் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். பின்னால் இதைக் கேட்டவர்கள் கங்காணியைத் திட்டினார்கள். வேலாயி திட்டவில்லை. அவருக்கு என்ன தெரியும், நான் வயிற்று வலி என்றுதானே சொன்னேன் என்பாள்.

லயத்துக்கு இறங்குகிற குறுக்குப் பாதையில் மூன்று இடத்தில் நின்றாள். வலி ஒரே மாதிரி இருக்கவில்லை. அடிவயிற்றில் திருகி, இடுப்பைச் சுற்றி, தொடை வரைக்கும் இறங்கி, பிறகு விட்டது. விட்ட நேரத்தில் நடந்தாள். வந்த நேரத்தில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு வந்ததும் நேரே லயத்துக்குப் பின்னால் இருந்த மறைப்புக்குப் போய்விட்டாள்.

அங்கே கட்டி கட்டியாகப் போனது. ஈரல் துண்டு மாதிரிக் கறுத்த கட்டிகள். அவற்றோடு ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. வெளுத்து, சவ்வுபோல், அரை நெல்லிக்காய் அளவுக்கு. அதை அவள் பார்த்தாள். இன்னதென்று நினைக்க அந்த நேரத்தில் அவளுக்குத் தெம்பில்லை. இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். மழைத்தண்ணீரோடு சேர்ந்து எல்லாம் லயத்தைச் சுற்றி ஓடிய கானுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு வலி பாதியாகக் குறைந்துவிட்டது.

அம்மாக்கண்ணு அவளை உள்ளே கூட்டிவந்து, சாக்கின் மேல் பழைய சேலையை மடித்துப் போட்டுப் படுக்கவைத்தாள். நனைந்த துணியைப் பார்த்துவிட்டு, தலைமுழுகி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டாள்.

"அம்பத்திரெண்டு நாளு," என்றாள் வேலாயி.

அம்மாக்கண்ணு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, "அது ஒண்ணுமில்ல. ஒடம்பு சூடு. ஒனக்குத் தள்ளிப் போறது வழக்கந்தானே. தள்ளிப் போனா இப்பிடித்தான் கூடப் போகும்," என்றாள். கொத்தமல்லியும் வெந்தயமும் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். யார் வந்து கேட்டாலும் அதையே சொன்னாள். ஒரே சொல்லை ஒரே மாதிரி சொன்னாள்.

சாயங்காலம் வந்த சோலைமலையிடமும் அதையே சொன்னாள். அவன் வேலாயியின் முகத்தைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. மூலையில் சுருட்டி வைத்திருந்த துணிகளைப் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் அந்தத் துணிகளை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். மலையிலிருந்து தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற அந்த இடத்தில் காலையில் பெண்கள்தான் கூடுவார்கள். அவன் வந்ததும் விலகி நின்றார்கள். ஒருத்தி சிரித்தாள். அவன் குனிந்து, ஐஸ் மாதிரி இருந்த தண்ணீரில் ஒவ்வொரு துணியாக அலசிப் பிழிந்தான். ஆண்பிள்ளை தீட்டுத் துணியைத் துவைக்கிறதா என்று அம்மாக்கண்ணு வீட்டில் சத்தம் போட்டாள். "ஒனக்கு இடுப்பு வலி, குனிய ஏலாது. அவளுக்கு எந்திரிக்க ஏலாது. வேற யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனான். வேலாயிக்கு ரத்தம் நிற்கும் வரைக்கும் அவன்தான் துவைத்தான். சிரித்தவள் இரண்டு நாள்தான் சிரித்தாள்.

வேலைக்குப் போகிற வழியிலேயே அவன் டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒன்பது மணி போல் மருத்துவச்சி சோமாவதி குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். அந்தத் தோட்டத்தில் பத்து வருடம். எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துப் பேசுவாள். முதலில் அம்மாக்கண்ணுவை வெளியே அனுப்பினாள். பிறகு வேலாயியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள், அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். எத்தனை துணி நனைந்தது, கட்டி போனதா, காய்ச்சல் அடிக்கிறதா, கெட்ட வாடை இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் வேலாயி பதில் சொன்னாள். வெளுப்பாகப் போனதையும் சொன்னாள்.

"அதை வச்சிருக்கியா?"

"தண்ணி ஊத்திட்டேன் மிஸ்ஸி."

சோமாவதி பரவாயில்லை என்றாள். வேலாயி சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "புள்ளையா மிஸ்ஸி?"

"இருந்திருக்கும். இல்லாமலும் இருக்கும். மிச்சம் சின்ன நாள், ரெண்டு மாசம் கூட இல்ல. இப்ப யாருக்கும் சரியாச் சொல்ல ஏலாது," என்றாள் சோமாவதி. பிறகு பையை மூடிக்கொண்டே, கூடை தூக்கியதாலோ மலை ஏறியதாலோ இது வரவில்லை, இப்படிப் போவது நிறையப் பேருக்கு நடக்கிறது, நீ செய்தது ஒன்றும் இல்லை என்று சொன்னாள். பத்து நாள் மலைக்குப் போகக்கூடாது. ரத்தம் ஒரு வாரம் பத்து நாள் போகும், பிறகு பழுப்பாகி நிற்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு துணி நனைந்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, வாடை அடித்தாலோ உடனே ஆள் அனுப்ப வேண்டும். அடுத்த தடவை குளிக்கும் வரைக்கும் புருஷனோடு சேர வேண்டாம். இரும்புச்சத்து மருந்து ஒரு போத்தல் கொடுத்தாள். அதைக் குடித்தால் வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் வலி விட்டது. ரத்தம் குறைந்தது. எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டியது. நான்காம் நாள் காலையில் வேலாயி தன் மார்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். வலி இல்லை. கனமும் இல்லை. அன்று சாயங்காலம் சோலைமலையின் சட்டையைக் கொடியில் போடப் போனபோது, அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். வாடிய கொழுந்து வாசம். குமட்டவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். குமட்டலும் கனமும் இப்போது இல்லாமல் போனதை வைத்துத்தான் முன்பு கரு இருந்தது என்று அவளுக்கு நிச்சயமாயிற்று.

பகலில் லயம் காலியாக இருக்கும். ஆனால் வேலை விட்டு வருகிற பெண்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேர் அது கருதான் என்றார்கள். பாதிப் பேர் இல்லை என்றார்கள். பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா என்று ஒருத்தி நோண்டி நோண்டிக் கேட்டாள். அம்மாக்கண்ணு எல்லாருக்கும் சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலாயிக்கு இந்தப் பேச்சைவிட மலையே மேல் என்று பட்டது. ஏழாம் நாள் யாரையும் கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு விரல் நுனிகள் மரத்துப்போய்க் கொழுந்தைக் கிள்ள முடியவில்லை. காதுக்குள் ஒரு இரைச்சல் விடாமல் கேட்டது. பத்து அடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. எப்படியோ நாளை ஒப்பேற்றினாள். வீடு வந்து சேர்ந்ததும் பல் கிட்டும்படி குளிர் எடுத்தது. மறுநாள் காலையில் உடம்பு அனலாக இருந்தது. துணியில் வாடை இருந்தது.

சோமாவதி வந்து பார்த்தாள். ஏன் மலைக்குப் போனாய் என்று திட்டவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்குகிற லொறியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினாள். டிரைவருக்குப் பக்கத்தில் வேலாயியை உட்கார வைத்தார்கள். சோலைமலை பின்னால் பெட்டிகளின் மேல் ஏறிக்கொண்டான். வளைவுக்கு வளைவு லொறி சாயும்போதெல்லாம் அடிவயிற்றில் கத்தி குத்துவது போல் இருந்தது. டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டினான்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டார்கள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டது, உள்ளே ஒன்றும் தங்கவில்லை, கிருமி மட்டும் போயிருக்கிறது, சுத்தம் பண்ணத் தேவையில்லை என்று சொன்னார். அதைத் தமிழ் தெரிந்த நர்ஸ் வந்து அவளுக்குச் சொன்னாள். இருந்தது கருவா என்று வேலாயி நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் போய்க் கேட்டுவிட்டு வந்து, இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள். மருத்துவச்சி சொன்ன அதே பதில்.

பக்கத்துக் கட்டிலில் ரபீக்கா என்றொரு பெண் இருந்தாள். பொகவந்தலாவையில் புடவைக்கடை வைத்திருக்கிறவரின் மனைவி. இருபத்திரண்டு வயது. மூன்றாம் மாதத்தில் கலைந்து, அவளுக்குச் சுத்தம் பண்ணியிருந்தார்கள். அவளுடைய மாமியார் ஆமினா உம்மா தினமும் பஸ் பிடித்துக் கஞ்சி கொண்டுவருவார். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கி வேலாயி எழுந்து உட்கார்ந்ததும், அந்தக் கஞ்சியில் பாதியை அவள் கோப்பையில் ஊற்றினார்.

ரபீக்கா கலகலவென்று பேசுகிறவள். தனக்கு இது மூன்றாவது என்றாள். ஒவ்வொரு தடவையும் முடி கொட்டியது, ஒவ்வொரு தடவையும் திரும்ப முளைத்தது என்று தலையைக் குனிந்து காட்டினாள். பிறகு, "உங்களுக்கு எத்தின மாசம்?" என்று கேட்டாள்.

"தெரியல. இருந்துச்சா இல்லையான்னே யாருக்கும் தெரியல," என்றாள் வேலாயி.

"யாருக்கும் தெரியாட்டிப் போகட்டும். உங்களுக்கு என்ன படுது?"

இந்தப் பத்து நாளில் அதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. வேலாயி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இருந்துச்சு."

"அப்ப இருந்திச்சுத்தான்," என்றாள் ரபீக்கா. பிறகு, ஆஸ்பத்திரிச் சோற்றில் கல் இருக்கிறது என்று வேறு கதைக்குப் போய்விட்டாள். வேலாயி போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு அழுதாள். ரத்தம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுகை வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பேச்சை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அது வேலாயிக்கு உதவியாக இருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏற, வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகிற பாதைக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அன்றைக்கு ரத்தம் முழுக்க நின்றிருந்தது. ஆனால் உடம்பு திரும்ப நாள் எடுத்தது. நகம் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தது. தலையை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சோலைமலை ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டுக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்தான். சட்டியில் அதைப் பார்த்ததும் வேலாயி வெளியே போய்விட்டாள். ஏன் என்று அம்மாக்கண்ணு கேட்கவில்லை. அதை அடையாளம் தெரியாதபடி பொடிப்பொடியாக நறுக்கி, மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுத்து, சோற்றுக்குள் பிசைந்து கொடுத்தாள். வேலாயி சாப்பிட்டாள்.

வேலைக்குப் போகாத அந்த நாட்களில் ஒரு மத்தியானம், விறகை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு தானாகப் பேச்செடுத்தாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு. இவனுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. எங்க மாமியா சூடுன்னுதான் சொன்னா. நானும் சூடுன்னே வச்சுக்கிட்டேன். அப்பிடி வச்சுக்கிட்டா வேலைக்குப் போக முடிஞ்சுச்சு."

வேலாயி ஒரு விறகைத் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு யாரிடமும் சூடு என்று சொல்லவில்லை.

ரத்தம் வந்த நாளிலிருந்து நாற்பத்தோராம் நாள் வேலாயிக்கு மறுபடி வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகப் போனதால் பயந்துபோய்ச் சோமாவதியிடம் ஆள் அனுப்பினாள். முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. ஐந்தாம் நாள் நின்றது. தலைமுழுகிவிட்டு வந்து வாசலில் முடியை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடி மெலிந்துபோயிருந்தது. பொங்கல் கழித்துத்தான் அவள் கூடை மற்றவர்கள் கூடைக்குச் சமமாக நிறைந்தது.

இரண்டு வருடம் கழித்து, அறுபத்து மூன்று முடிகிற நேரத்தில், அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை எழுபது நாள் ஆனதும் புருஷனிடம் சொன்னாள். சோமாவதி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய புத்தகத்தை மடியில் விரித்து, பேரும் வயதும் எழுதினாள். இது முதலாவதா என்று கேட்டாள். கேட்டதும் தானே நினைவு வந்து பேனாவை நிறுத்தினாள்.

அடுப்படியிலிருந்து அம்மாக்கண்ணு சொன்னாள்: "ரெண்டாவதுன்னு போடுங்க மிஸ்ஸி."

சோமாவதி அப்படியே எழுதினாள்.

அந்த மாதங்கள் முழுவதும் வேலாயி ஒவ்வொரு தடவை மறைப்புக்குப் போகும்போதும் துணியைப் பார்த்தாள். ஐந்தாம் மாதம் வயிற்றுக்குள் அசைவு தெரிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனி மாதத்தில் ஒரு பகல் நேரம், தோட்டத்துப் பிள்ளைப்பேற்று வார்டில், பெண் குழந்தை பிறந்தது. ஆறு றாத்தல் எடை இருந்தது. குழந்தைக்குப் பொன்னம்மா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, குழந்தையின் துணிகளையும் சோலைமலைதான் பீலிக்கு எடுத்துக்கொண்டு போனான். அப்போது லயத்தில் இன்னும் இரண்டு ஆண்கள் அப்படிப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் பெண்கள் எல்லாரும் பீலியிலிருந்து திரும்பிய பிறகுதான் அவர்கள் போவார்கள்.